படிமமும் நிகழ்வும்: செல்லின் தன்னுண்ணல் சவ்வு பற்றிய நுண்ணோக்கி ஆய்வு வரலாறு (1955–2022)

ஆய்வுச்சுருக்கம்

செல் தன் உட்கூறுகளில் ஒரு பகுதியைச் சவ்வினால் சூழ்ந்து, செரித்து, மீண்டும் பயன்படுத்தும் நிகழ்வு தன்னுண்ணல் எனப்படும். இந்நிகழ்வில் தோன்றும் இரட்டைச் சவ்வு எங்கிருந்து வருகிறது என்னும் வினா 1960களில் எழுந்து அறுபது ஆண்டுகளாக விவாதிக்கப்பட்டது. தன்னுண்ணல் ஆய்வின் வரலாறு பெரும்பாலும் மரபணுக் கண்டுபிடிப்பின் வரலாறாகவே கூறப்படுகிறது. இக்கட்டுரை அவ்வரலாற்றை நுண்ணோக்கியின் வழியே மீள நோக்குகிறது. சவ்வின் பிறப்பிடம் பற்றி ஒவ்வொரு காலத்திலும் முன்வைக்கப்பட்ட விடை அக்காலக் கருவியின் ஆற்றலையும் மாதிரியைப் பதப்படுத்திய முறையையும் சார்ந்திருந்தது என்பதையும், 1995இல் பதிவான ஒரு காட்சியின் பொருள் கால் நூற்றாண்டுக்குப் பின்னரே விளங்கியது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: தன்னுண்ணல், இரட்டைச் சவ்வு, எலக்ட்ரான் நுண்ணோக்கி, ஈஸ்ட், ஒளிர் புரதம், உறைநிலைப் படவாக்கம், அறிவியல் வரலாறு.

முன்னுரை

பட்டினி கிடக்கும் செல் தன்னையே சிறிது சிறிதாக உண்டு உயிர் பிழைக்கிறது. செல்லின் சைட்டோபிளாசத்தில் முதலில் மெல்லிய, தட்டையான ஒரு சவ்வுப்பை தோன்றுகிறது. அது வளைந்து கிண்ண வடிவம் பெறுகிறது. கிண்ணத்தின் விளிம்புகள் நெருங்கி மூடிக்கொள்ளும்போது, உள்ளே அகப்பட்ட பொருளைச் சுற்றி இரண்டு சவ்வுகள் அமைந்துவிடுகின்றன. இவ்வாறு உருவான உறை, செரிமான நொதிகள் நிறைந்த லைசோசோமுடன் இணைகிறது. ஈஸ்ட் செல்லில் அதே பணியை நுண்குமிழ்ப்பை செய்கிறது. உள்ளே சென்ற புரதங்களும் பழுதடைந்த மைட்டோகாண்ட்ரியாக்களும் சிதைந்து, அவற்றின் மூலப்பொருள்கள் செல்லுக்கே திரும்பக் கிடைக்கின்றன. ஆட்டோஃபேஜி என்று உலகளவில் வழங்கும் இந்நிகழ்வு இக்கட்டுரையில் தன்னுண்ணல் எனவும், முழுமையடைந்த இரட்டைச் சவ்வுப்பை தன்னுண்ணல் உறை எனவும், மூடிக்கொள்ளாத கிண்ண நிலை வளர்சவ்வு எனவும் குறிக்கப்படுகின்றன.

செல்லின் பிற உறுப்புகளுக்கும் தன்னுண்ணல் உறைக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. மைட்டோகாண்ட்ரியா முன்பிருந்த மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து பிரிந்தே தோன்றுகிறது. எண்டோபிளாச வலை தாய்ச் செல்லிலிருந்து சேய்ச் செல்லுக்குப் பங்கிடப்படுகிறது. தன்னுண்ணல் உறையோ தேவை எழும்போது புதிதாகத் தோன்றிச் சில நிமிடங்களில் முழுமையடைந்து மறைந்துவிடுகிறது. நிலையான முகவரி இல்லாத இவ்வுறுப்பின் பிறப்பிடத்தைக் காண்பதே செல் உயிரியலுக்குப் பெரும் சவாலாக அமைந்தது. 2016ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை யோஷினோரி ஓசுமி பெற்ற பின்னர், இத்துறையின் வரலாறு ஈஸ்ட் மரபணுக்களிலிருந்து தொடங்குவதாக எழுதப்படுவது வழக்கமாயிற்று. மரபணுக்களுக்கு முன்னும் பின்னும் நுண்ணோக்கி ஆற்றிய பங்கைத் தனித்து நோக்குதல் இவ்வரலாற்றின் மற்றொரு முகத்தைக் காட்டும்.

1. ஒளியின் எல்லையும் எலக்ட்ரானின் வரவும்

ஒளி நுண்ணோக்கி எவ்வளவு சிறிய இடைவெளியைப் பிரித்துக்காட்ட இயலும் என்பதற்கு ஒளியின் அலைநீளமே எல்லை விதிக்கிறது என்பதை ஜெர்மானிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே 1873இல் விளக்கினார். அவ்வெல்லை ஏறத்தாழ 200 நானோமீட்டர். உயிர்ச் சவ்வொன்றின் தடிமன் 10 நானோமீட்டருக்கும் குறைவு. எனவே இரண்டு சவ்வுகள் அருகருகே அமைந்திருப்பதை ஒளியால் கண்டறிய வழியில்லை.

1931இல் பெர்லினில் மாக்ஸ் நாலும் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் எலக்ட்ரான் கற்றையைக் கொண்டு உருப்பெருக்கும் கருவியை உருவாக்கினர். உயிரியலுக்கு அது பயன்படச் சில காலம் தேவைப்பட்டது. 1945இல் நியூயார்க்கில் கீத் போர்ட்டர், ஆல்பர்ட் கிளாட், எர்னஸ்ட் ஃபுல்லம் ஆகியோர் வளர்ப்புக் கோழிக்கரு செல்லின் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தை வெளியிட்டனர். பின்னர் எண்டோபிளாச வலை எனப் பெயர்பெற்ற பின்னல் அமைப்பு அப்படத்தில்தான் முதன்முதலில் புலப்பட்டது. அப்படம் செல்லின் மெல்லிய ஓரங்களை மட்டுமே காட்டியது. திசுவின் உட்பகுதியைக் காண வேண்டுமெனில் அதனை மிக மெல்லிய சீவல்களாக வெட்ட வேண்டும். 1952இல் ஜார்ஜ் பலாடே வகுத்த ஆஸ்மியம் டெட்ராக்சைடு பதப்படுத்தலும், 1953இல் அறிமுகமான போர்ட்டர்–பிளம் சீவல் கருவியும் அதற்கு வழிவகுத்தன.

இம்முறையின் இயல்பைக் கருத்தில் கொள்ளுதல் இன்றியமையாதது. திசு வேதிப்பொருளால் கொல்லப்படுகிறது. அதன் நீர் ஆல்கஹால் போன்ற கரைப்பான்களால் நீக்கப்படுகிறது. பிசினில் பதித்து வெட்டிய சீவல், கன உலோகங்களால் நிறமேற்றப்பட்டு வெற்றிடத்தில் வைக்கப்படுகிறது. ஆய்வாளர் காண்பது ஒரு கணத்தின் ஒரு தளம் மட்டுமே. அக்கணத்துக்கு முன்னும் பின்னும் நிகழ்ந்ததை அவர் ஊகித்தே அறிய வேண்டும். தன்னுண்ணல் ஆய்வின் பெரும்பாலான கருத்து வேறுபாடுகள் இந்த ஊகத்திலிருந்து பிறந்தவையே.

2. பெயருக்கு முந்தைய காட்சிகள்

1955இல் பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் டி டூவ் லைசோசோமைக் கண்டறிந்தார். அக்கண்டுபிடிப்பு நுண்ணோக்கியால் நிகழ்ந்ததன்று. எலியின் கல்லீரலை அரைத்து, மையவிலக்கியில் பகுதி பகுதியாகப் பிரித்து நொதிகளை அளந்தபோது, அமில பாஸ்ஃபடேஸ் என்னும் நொதி ஏதோ ஒரு சவ்வுக்குள் அடைபட்டிருக்க வேண்டும் என்று அவர் உய்த்துணர்ந்தார். கணக்கில் கிடைத்த அவ்வுறுப்பைக் கண்ணால் காட்டும் பணியில் அமெரிக்கரான அலெக்ஸ் நோவிகாஃப் இணைந்தார். அவ்விணைவின் பயனாக லைசோசோம்கள் செறிந்த பகுதியின் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்கள் 1956இல் வெளியாயின.

1957இல் சாம் கிளார்க் பிறந்த சுண்டெலிக் குட்டியின் சிறுநீரகச் செல்களில் சவ்வால் சூழப்பட்ட பைகளையும் அவற்றுள் மைட்டோகாண்ட்ரியாக்களையும் கண்டார். 1962இல் தாமஸ் ஆஷ்ஃபோர்டும் கீத் போர்ட்டரும் குளுக்ககான் என்னும் ஹார்மோனைச் செலுத்திய எலிக் கல்லீரலை ஆராய்ந்து, சிதைவின் பல்வேறு நிலைகளில் உள்ள மைட்டோகாண்ட்ரியாக்கள் லைசோசோம்களுக்குள் இருப்பதைப் பதிவுசெய்தனர். நோவிகாஃபும் எட்வர்ட் எஸ்னரும் அதே ஆண்டில் இத்தகைய உறுப்புகளைச் சைட்டோலைசோம் என்றழைத்தனர். ஒரே காட்சி பல ஆய்வகங்களில், பல பெயர்களில், பல விளக்கங்களுடன் உலவிய காலம் இது.

1963இல் லண்டனில் சீபா அறக்கட்டளை லைசோசோம்களைப் பற்றி நடத்திய கருத்தரங்கில் டி டூவ் இக்காட்சிகளை ஒரே நிகழ்வாகத் தொகுத்து, கிரேக்க மொழியில் 'தான்', 'உண்ணுதல்' எனப் பொருள்படும் சொற்களை இணைத்து ஆட்டோஃபேஜி என்னும் பெயரைச் சூட்டினார். புதிய படம் எதனையும் அவர் வழங்கவில்லை. சிதறிக்கிடந்த படிமங்களை ஒரு வினைச்சொல்லாக மாற்றியதே அவரது பங்களிப்பு. 'உண்ணுதல்' என்று பெயரிட்டவுடன் 'எவ்வாறு சூழ்கிறது, எதனால் சூழ்கிறது' என்னும் வினாக்கள் இயல்பாகவே எழுந்தன.

3. இரண்டு சவ்வுகளும் இடைவெளியும்

1968இல் ஆர்ஸ்டிலாவும் பெஞ்சமின் டிரம்பும் வெளியிட்ட ஆய்வு இவ்வினாவை ஒழுங்குபடுத்தியது. தொடக்க நிலை உறையை இரண்டு சவ்வுகள் சூழ்ந்துள்ளன என்பதையும், அந்நிலையில் அதனுள் செரிமான நொதிகள் இல்லை என்பதையும், பிற்பட்ட நிலையில் ஒற்றைச் சவ்வும் நொதிகளும் காணப்படுகின்றன என்பதையும் அவர்கள் எடுத்துக்காட்டினர். உறை முதலில் உருவாகிறது, பின்னரே லைசோசோமுடன் இணைகிறது என்னும் வரிசை இதனால் உறுதிப்பட்டது. நொதியின் இருப்பை நிறமாக மாற்றிக்காட்டும் வேதிமுறையை நுண்ணோக்கியுடன் சேர்த்ததே, அசையாத படங்களைக் காலவரிசைப்படுத்த உதவியது.

சவ்வின் மூலம் எது என்பதில் இத்தகைய தெளிவு ஏற்படவில்லை. டி டூவும் ராபர்ட் வாட்டியோவும் 1966இல் எழுதிய மதிப்பாய்வில் ரைபோசோம்கள் ஒட்டாத எண்டோபிளாச வலையின் பக்கம் சாய்ந்தனர். வேறு சிலர் கோல்கை உறுப்பைச் சுட்டினர். உறை எந்த உறுப்புக்கும் சொந்தமில்லாத தனிச் சவ்வு என்று கருதியோரும் உண்டு. நார்வேயின் பெர் செக்லென் வளர்சவ்வுக்கு ஃபேகோஃபோர் என்று தனிப்பெயர் சூட்டினார். 1990இல் வில்லியம் டன், எண்டோபிளாச வலைக்குரிய புரதங்களை நோய் எதிர்ப்புப் புரதங்களால் அடையாளமிட்டு, ரைபோசோம் நீங்கிய எண்டோபிளாச வலையிலிருந்தே உறை தோன்றுகிறது என்று வாதிட்டார்.

இவ்விவாதத்தின் அடியில் ஒரு பதப்படுத்தல் சிக்கல் மறைந்திருந்தது. அக்காலப் படங்கள் பலவற்றில் இரண்டு சவ்வுகளுக்கும் இடையே வெண்மையான, அகன்ற இடைவெளி காணப்பட்டது. சில படங்களில் சவ்வே தெளிவாகத் தெரியாமல், பொருளைச் சுற்றி வெற்று வளையம் மட்டும் தெரிந்தது. வளர்சவ்வு கொழுப்பு மிகுந்தும் புரதம் குறைந்தும் அமைந்தது. பதப்படுத்தும் வேதிப்பொருள்கள் புரதங்களை இறுகப் பிணைத்தாலும், நீர்நீக்கும் கரைப்பான்கள் கொழுப்பில் ஒரு பகுதியைக் கரைத்துவிடுகின்றன. ஆய்வாளர்கள் இடைவெளி என்று கண்டது பெரும்பாலும் மாதிரி இழந்த பொருளின் சுவடே. பிறப்பிடத்தைத் தேடியவர்களின் கருவி, தேடப்பட்ட பொருளையே ஓரளவு அழித்துக்கொண்டிருந்தது.

4. ஈஸ்டின் நுண்குமிழ்ப்பையில் ஆடிய துகள்கள்

1988இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கோமாபா வளாகத்தில் ஓசுமி தமது தனி ஆய்வகத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 43. ஈஸ்ட் செல்லின் நுண்குமிழ்ப்பை அப்போது பலரால் வெறும் கழிவுக்கிடங்காகக் கருதப்பட்டது. அவ்வுறுப்பு சாதாரண ஒளி நுண்ணோக்கியிலேயே தெளிவாகத் தெரியும் அளவு பெரியது என்பது ஓசுமிக்கு வாய்ப்பாக அமைந்தது.

நுண்குமிழ்ப்பைக்குள் தன்னுண்ணல் நிகழ்ந்தாலும், உள்ளே வரும் பொருள் உடனடியாகச் செரிக்கப்படுவதால் அதனைக் காண இயலாது. எனவே ஓசுமி செரிமான நொதிகள் இல்லாத ஈஸ்ட் வகையைத் தேர்ந்து, நைட்ரஜன் அற்ற ஊடகத்தில் பட்டினியிட்டார். நிகழ்வின் இறுதிப்படி தடைபட்டால் இடைப்படிகள் தேங்கிக் கண்ணுக்குப் புலப்படும் என்பது அவரது எண்ணம். அரை மணி நேரத்தில் நுண்குமிழ்ப்பைக்குள் சிறு உருண்டைகள் தோன்றி இடைவிடாது ஆடின. சில மணி நேரத்தில் நுண்குமிழ்ப்பை அவற்றால் நிறைந்தது. 1992இல் இம்முடிவுகள் வெளியாயின. அறுபதுகளின் எலக்ட்ரான் நுண்ணோக்கி அசையாத படங்களைத் தந்தது. இங்கோ அதைவிடப் பழைய, எளிய கருவியில் உயிருள்ள செல்லின் நிகழ்வு நேரடியாகக் காணக் கிடைத்தது.

அவ்வுருண்டைகளின் உள்ளமைப்பை அறிய எலக்ட்ரான் நுண்ணோக்கி மீண்டும் தேவைப்பட்டது. ஜப்பான் மகளிர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிசுசு பாபா அப்பணியை மேற்கொண்டார். வேதிப்பொருளால் மெல்லக் கொல்வதற்கு மாறாக, அவர் செல்களை நொடிப்பொழுதில் உறையச் செய்து, உறைந்த நிலையிலேயே நீரைக் கரைப்பானால் மாற்றினார். 1994இல் வெளியான அப்படங்களில் சைட்டோபிளாசத்தில் இரட்டைச் சவ்வு உறைகளும், அவற்றின் வெளிச்சவ்வு நுண்குமிழ்ப்பையுடன் இணைவதும், உட்சவ்வால் சூழப்பட்ட உருண்டை உள்ளே விடப்படுவதும் தெளிவாயின.

1995இல் பாபாவும் ஓசுமியின் குழுவினரும் உறைந்த செல்லைப் பிளந்து, பிளவுத் தளத்தின் உலோக அச்சை எடுக்கும் முறையைக் கையாண்டனர். சவ்வு இரு அடுக்குகளாகப் பிரியும் இம்முறையில், சவ்வில் பதிந்த புரதங்கள் துகள்களாகத் தெரியும். பிற சவ்வுகள் துகள்கள் அடர்ந்து காணப்பட, தன்னுண்ணல் உறையின் வெளிச்சவ்வில் அவை மிக அரிதாகவும் உட்சவ்வில் ஏறக்குறைய இல்லாமலும் இருந்தன. எந்த உறுப்பின் சவ்வு கிள்ளப்பட்டு உறையாகியிருந்தாலும் அவ்வுறுப்பின் புரதங்களும் உடன் வந்திருக்க வேண்டுமே என்னும் புதிர் இதனால் எழுந்தது. அதனை விளக்கும் கோட்பாடு எதுவும் அன்று இருக்கவில்லை. படம் பதிவாயிற்று, பொருள் காத்திருந்தது.

இதற்கிடையே 1993இல் மிகி சுகாடாவும் ஓசுமியும் தன்னுண்ணல் இயலாத ஈஸ்ட் வகைகளைத் தேடி 15 மரபணுக்களைக் கண்டறிந்தனர். முதல் வகை, பட்டினியிலும் துகள்கள் தோன்றாத நுண்குமிழ்ப்பையைத் தேடியதால் கிடைத்தது. மரபணுத் தேடலின் முதல் சல்லடையும் ஒளி நுண்ணோக்கியே என்பது குறிப்பிடத்தக்கது. ஜெர்மனியில் மைக்கேல் தும், அமெரிக்காவில் டேனியல் கிளயான்ஸ்கி ஆகியோரின் குழுக்களும் வேறு வழிகளில் அதே மரபணுக்களை அடைந்தன. 2003இல் அனைவரும் ஏடிஜி என்னும் பொதுப் பெயருக்கு உடன்பட்டனர்.

5. ஒளிரும் புள்ளியும் அதன் ஐயப்பாடும்

ஒசாமு ஷிமோமுரா ஜெல்லி மீனிலிருந்து 1962இல் பிரித்தெடுத்த பச்சை ஒளிர் புரதம், 1994இல் மார்ட்டின் சால்ஃபியின் ஆய்வுக்குப் பின்னர் உயிரியலின் பொதுக் கருவியாயிற்று. ஓசுமியின் ஆய்வகம் 1996இல் ஒகசாகியின் அடிப்படை உயிரியல் நிறுவனத்துக்கு இடம்பெயர்ந்தது. தமோட்சு யோஷிமோரி, நொபோரு மிசுஷிமா ஆகியோர் அங்கு இணைந்தனர். 2000ஆம் ஆண்டில் பாலூட்டிகளின் எல்சி3 என்னும் புரதம் தன்னுண்ணல் உறையின் சவ்வுடன் பிணைவதை அக்குழு கண்டறிந்தது. 2001இல் மிசுஷிமா, ஏடிஜி5 புரதத்துடன் பச்சை ஒளிர் புரதத்தைப் பிணைத்து உயிருள்ள செல்லைத் தொடர்ந்து படமெடுத்தார். ஒளிரும் புள்ளி பிறையாகி, பிறை வளையமாகி, உறை மூடிக்கொண்டதும் அப்புரதம் விலகிச் சென்றது. அறுபதுகளில் ஊகிக்கப்பட்ட வரிசை முதன்முறையாக ஒரே செல்லில், ஒரே உறையில் காணப்பட்டது. அதே ஆண்டு ஈஸ்டில், ஏடிஜி புரதங்கள் நுண்குமிழ்ப்பை அருகே ஒரு புள்ளியில் கூடுவதும் கண்டறியப்பட்டது.

இவ்வசதி புதிய இடர்ப்பாட்டையும் கொணர்ந்தது. ஒளிரும் புள்ளி என்பது 200 நானோமீட்டர் எல்லைக்கு உட்பட்டது. அது வளர்சவ்வா, மூடிய உறையா என்பதை ஒளி மட்டும் கூறாது. எல்சி3 சவ்வே இல்லாத புரதத் திரட்சிகளிலும் சேரக்கூடும் என்பது 2007இல் காட்டப்பட்டது. மேலும், புள்ளிகள் பெருகுவது உறைகள் மிகுதியாக உருவாவதாலும் நிகழலாம், உருவானவை செரிக்கப்படாமல் தேங்குவதாலும் நிகழலாம். ஒரே படம் எதிரெதிரான இரு பொருள்களுக்கு இடமளித்தது. 2008இல் இத்துறையினர் கூட்டாக ஆய்வு நெறிமுறைத் தொகுப்பொன்றை வெளியிட நேர்ந்ததற்கு இதுவே காரணம். எண்ணிக்கையை அளப்பதைவிட ஓட்டத்தை அளக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

6. பல மூலங்களின் காலம்

2008 முதல் 2013 வரையிலான ஆண்டுகளில் சவ்வின் பிறப்பிடம் பற்றிய விவாதம் உச்சத்தை எட்டியது. 2008இல் இங்கிலாந்தின் பாப்ரகாம் நிறுவனத்தில் நிகோலஸ் க்டிஸ்டாகிஸ் குழு, எண்டோபிளாச வலையின் மீது கிரேக்க எழுத்தான ஒமேகாவை ஒத்த மேடை தோன்றி, அதன் நடுவிலிருந்து வளர்சவ்வு எழுவதைக் கண்டு அதனை ஒமேகாசோம் என்றழைத்தது. 2009இல் யோஷிமோரியின் குழுவும், ஃபின்லாந்தின் ஈவா-லீசா எஸ்கெலினெனின் குழுவும் தனித்தனியே முப்பரிமாண எலக்ட்ரான் படவாக்கத்தைக் கையாண்டன. மாதிரியைப் படிப்படியாகச் சாய்த்து எடுத்த பல படங்களிலிருந்து கன உருவைக் கணினியால் மீட்கும் முறை அது. வளர்சவ்வு எண்டோபிளாச வலையின் இரு தகடுகளுக்கு இடையே செருகப்பட்டதுபோல் அமைந்து, குறுகிய இணைப்புகளால் அதனுடன் தொடர்புற்றிருப்பதை இரு குழுக்களும் காட்டின. ஒற்றைச் சீவலில் இவ்விணைப்புகள் தளத்துக்கு வெளியே நின்றுவிட்டதால்தான் முன்னோர் கண்ணுக்குத் தப்பின.

2010இல் ஜெனிஃபர் லிப்பின்காட்-ஷ்வார்ட்ஸ் குழு, பட்டினியின்போது மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வு உறைக்குப் பங்களிக்கிறது என்றது. அதே ஆண்டு கேம்பிரிட்ஜில் பிருந்தா ரவிக்குமார், டேவிட் ரூபின்ஸ்டைன் உள்ளிட்டோர் செல்லின் புறச்சவ்வும் தொடக்கநிலை அமைப்புகளுக்குச் சவ்வு வழங்குவதாகக் காட்டினர். 2013இல் யோஷிமோரி குழு, எண்டோபிளாச வலையும் மைட்டோகாண்ட்ரியாவும் தொட்டுக்கொள்ளும் இடங்களிலேயே உறை உருவாகிறது என்று அறிவித்தது. ஏறத்தாழ எல்லா உறுப்புகளுமே மூலமாகச் சுட்டப்பட்டன. ஒவ்வோர் ஆய்வும் தான் ஒளியேற்றிய புரதத்தைப் பின்தொடர்ந்து, அப்புரதம் வாழும் உறுப்பை அடைந்தது. எதனை நிறமேற்றினோமோ அதுவே புலப்படும் என்பது ஒளிர்வு முறையின் இயல்பு. இம்முடிவுகள் ஒன்றையொன்று மறுப்பனவல்ல, ஆயினும் எந்த மூலம் எவ்வளவு தருகிறது என்னும் அளவுக் கேள்விக்கு அவை விடை கூறவில்லை.

7. கணக்கும் கொழுப்புப் பாலமும்

அளவுக் கேள்வியை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். அரை மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உறையின் பரப்பு சுமார் 0.8 சதுர மைக்ரோமீட்டர். சவ்வுகள் இரண்டு, ஒவ்வொன்றிலும் கொழுப்பு அடுக்குகள் இரண்டு. ஒரு கொழுப்பு மூலக்கூறு ஏறத்தாழ 0.65 சதுர நானோமீட்டர் இடத்தை அடைக்கிறது எனக்கொண்டால், சுமார் 50 லட்சம் மூலக்கூறுகள் பத்து நிமிட அளவில் வந்துசேர வேண்டும். ஓசுமியின் குழு 2012இல், ஏடிஜி9 புரதம் தாங்கிய 30 முதல் 60 நானோமீட்டர் விட்டமுள்ள நுண்பைகளில் மிகச் சிலவே ஓர் உறைக்குள் சேர்கின்றன என்று காட்டியது. 60 நானோமீட்டர் பைகள் மூன்று எனக் கொண்டாலும், தேவையான பரப்பில் நூற்றுக்கு இரண்டு பங்கே அவற்றால் கிடைக்கும். அவை விதையாகலாம், பயிராக முடியாது.

விடை 2019இல் தெளிவாகத் தொடங்கியது. ஏடிஜி2 என்னும் புரதம் ஏறத்தாழ 20 நானோமீட்டர் நீளமுள்ள கோல். அதன் நெடுகிலும் கொழுப்பு செல்லத்தக்க பள்ளம் அமைந்துள்ளது. அக்கோல் எண்டோபிளாச வலைக்கும் வளர்சவ்வுக்கும் இடையே பாலமாக நின்று கொழுப்பு மூலக்கூறுகளைக் கடத்தவல்லது என்பதை ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பல குழுக்கள் அவ்வாண்டில் காட்டின. பாலத்தின் வழியே வருவன சவ்வின் ஓர் அடுக்கில் மட்டுமே சேரும். மற்றோர் அடுக்குக்கு அவற்றைப் பங்கிடும் பணியை ஏடிஜி9 செய்கிறது என்பதை 2020இல் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கி துணையுடன் இரு குழுக்கள் நிறுவின.

இக்கோட்பாடு 1995ஆம் ஆண்டின் புதிருக்கும் பொருள் தந்தது. சவ்வு துண்டாகக் கிள்ளப்பட்டு வந்தால் புரதங்களும் உடன்வரும். கொழுப்பு மட்டும் மூலக்கூறு மூலக்கூறாகப் பாய்ந்தால் புரதங்கள் பின்தங்கிவிடும். பாபாவின் படத்தில் துகள்கள் இல்லாமை, கருவியின் குறையன்று, நிகழ்வின் கையொப்பம்.

2022இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் ஈஸ்ட் செல்களைக் கண்ணாடி போன்ற பனியாக உறையவைத்து, ஒளிர்வால் இடத்தைக் குறித்து, அயனிக் கற்றையால் மெலிதாக்கி, நிறமேற்றாமலேயே முப்பரிமாணப் படமெடுத்தனர். வளர்சவ்வின் பல நிலைகளை வடிவியல் அளவுகளால் வரிசைப்படுத்தியபோது, இரு சவ்வுகளுக்கும் இடைப்பட்ட தொலைவு எதிர்பாராத அளவு குறுகியது என்பது தெரியவந்தது. அது 10 நானோமீட்டர் அளவினதே. விளிம்பில் மட்டும் அது சற்றே அகன்றிருந்தது. அவ்விளிம்புகள் எண்டோபிளாச வலையைத் தொட்டுக்கொண்டிருந்தன, அதாவது பாலம் அமைய வேண்டிய இடத்திலேயே தொடர்பு காணப்பட்டது. அறுபதுகளின் அகன்ற வெண்ணிற இடைவெளி இவ்வாறு வரலாற்றிலிருந்து மறைந்தது.

8. இந்தியச் சூழல்

இந்தியாவில் எலக்ட்ரான் நுண்ணோக்கியியல் கல்கத்தாவில் நீரஜ்நாத் தாஸ்குப்தாவின் முயற்சியால் 1940களின் இறுதியில் வேரூன்றியது. தமிழகத்தில் அக்கருவி மருத்துவத்தின் துணையாக முதன்மை பெற்றது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மின்னி மத்தன், வி. ஐ. மத்தன், எஸ். ஜே. பேக்கர் ஆகியோர் வெப்பமண்டல ஸ்புரூ நோயாளரின் சிறுகுடல் உட்பரப்பை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் ஆராய்ந்து 1975இல் வெளியிட்ட கட்டுரை அதற்குச் சான்றாகும்.

தன்னுண்ணல் சவ்வையே மையமாகக் கொண்ட ஆய்வு பெங்களூரு ஜக்கூரில் அமைந்த ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் வளர்ந்தது. அங்குள்ள ரவி மஞ்சிதாயா, முன்னர் கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் சுரேஷ் சுப்ரமணியின் ஆய்வகத்தில் பணியாற்றியவர். செல்லின் பெராக்சிசோம்களைத் தன்னுண்ணலுக்கு அடையாளமிடும் ஏடிஜி30 என்னும் புரதம் பற்றிய 2008ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர்களுள் இருவரும் அடங்குவர். செல் பிரியும் கழுத்தில் வளையமாக அமையும் செப்டின் புரதங்கள், தன்னுண்ணலின் தொடக்க நிலைகளிலும் ஏடிஜி8, ஏடிஜி9 ஆகியவற்றுடன் சேர்ந்து செயற்படுகின்றன என்பதை பெங்களூருக் குழு 2018இல் ஒளிர்வு நுண்ணோக்கியால் காட்டியது. ஏடிஜி9 உரிய இடத்துக்குச் செல்வதில் எக்சோசிஸ்ட் புரதத் தொகுதியின் பங்கை 2019இல் வெளியிட்டது. விதைப் பைகளை வழிநடத்துவது எது என்னும் வினாவுக்கு இவ்வாய்வுகள் நேரடியாகத் தொடர்புடையன.

இவ்வினாக்களின் மருத்துவப் பொருள் தமிழகத்துக்கு அயலானதன்று. 1981இல் முதன்முதலில் விவரிக்கப்பட்ட டேனன் நோயில் இதயத் தசை செல்களுக்குள் தன்னுண்ணல் பைகள் செரிக்கப்படாமல் தேங்குகின்றன. லைசோசோம் சவ்வின் லாம்ப்-2 என்னும் புரதம் குறைவதே காரணம் என்பது 2000இல் தெரியவந்தது. ஓசுமியின் நொதியற்ற ஈஸ்டில் ஆய்வாளர் வேண்டுமென்றே உண்டாக்கிய தேக்கத்தை இந்நோயில் இயற்கையே உண்டாக்குகிறது எனலாம். முகப்பேரின் மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் போன்ற இதய மருத்துவ நிறுவனங்கள் இயங்கும் சென்னையின் மேற்குப் புறநகர்களில், இதயத்தசைநோய் அன்றாட மருத்துவச் சொல். அத்தகைய நோய்களுள் சிலவற்றைப் பிரித்தறிய, தசைத் துண்டின் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் இப்பைகளை இனங்காணும் பயிற்சி வேண்டும். அப்படத்தில் தெரிவது மிகுதியான உருவாக்கமா, தடைபட்ட செரிமானமா என்னும் பழைய ஐயம் அங்கும் எழும்.

முடிவுரை

தன்னுண்ணல் சவ்வின் ஆய்வு வரலாறு மூன்று உண்மைகளை உணர்த்துகிறது. முதலாவது, மாதிரியைப் பதப்படுத்தும் முறை வெறும் முன்னேற்பாடன்று, அது முடிவின் ஒரு பகுதி. கொழுப்பைக் கரைத்த முறை இடைவெளியைக் காட்டியது, உறையவைத்த முறை அதனை நீக்கியது. இரண்டாவது, எளிய கருவியும் தக்க வினாவும் சேர்ந்தால் உயர்ந்த கருவி காட்டாததைக் காட்டும் என்பதற்கு ஓசுமியின் ஒளி நுண்ணோக்கி சான்று. மூன்றாவது, நன்கு எடுக்கப்பட்ட படம் கோட்பாட்டுக்கு முந்தியும் வாழும். 1995இல் விளக்கம் இன்றிப் பதிவான துகளற்ற சவ்வு, 2019க்குப் பின் முதன்மைச் சான்றாக மாறியது.

எல்லா மூலங்களின் பங்கையும் ஒருங்கே அளந்து கூறும் பணியும், பாலத்தில் கொழுப்பை ஒரே திசையில் செலுத்தும் விசை எது என்னும் வினாவும் இன்னும் நிறைவுபெறவில்லை. ஆய்வகங்கள் தமது பழைய படங்களை, விளக்கம் கிட்டாதவற்றையும் சேர்த்து, பதப்படுத்தல் குறிப்புகளுடன் பாதுகாப்பது அவ்வினாக்களுக்கும் உதவும். தமிழக மருத்துவமனைகளிலும் கல்லூரிகளிலும் பல்லாண்டுகளாகச் சேர்ந்துள்ள எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தொகுப்புகளை இந்நோக்கில் மீளாய்வு செய்தல் இத்துறையின் அடுத்த பணிகளுள் ஒன்றாக அமையத்தக்கது.